வராத பஸ்ஸுக்கு வந்த செய்தி

நிருபர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எப்படி உள்ளே நுழைவது என்று கேட்டால் சொல்லலாம். நான் பஸ் ஸ்டாண்டு வழியாக நுழைந்தேன்.

அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். பெங்களூரில் ஓட்டலில் இலை எடுத்தேன். எந்த இடத்திலும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஊர் பழகிவிட்டால் எனக்கே கிளம்பத் தோன்றும், அவ்வளவுதான். பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில் அங்கே வந்து இறங்கினேன். திருச்சியிலிருந்து விடியற்காலையில் வரும் பேப்பர் கட்டுகளைப் பிரித்து, ஊர்வாரியாக அடுக்கி, அந்தந்த பஸ்ஸில் ஏற்றிவிடும் வேலை கிடைத்தது. படுக்க ஏஜென்டு கடையின் பின்பக்கம் இடம். போர்த்திக்கொள்ள விற்காத பேப்பர். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்தான் நல்லது, பக்கம் அதிகம்.

வேப்பந்தட்டை நிருபர் வேலையை விட்டுவிட்டுத் துணிக்கடை வைக்கப் போனபோது, ஏஜென்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தினமும் எல்லாப் பேப்பரையும் படிச்சிட்டுத்தான கட்டறே? அதே மாதிரி எழுத மாட்டியா?"

எழுதினேன். அப்படித்தான் நான் நிருபர் ஆனேன். ஆகவே என் முதல் யோசனை இது. பேப்பர் விற்கிற இடத்தில் கொஞ்ச நாள் நில்லுங்கள். எந்த ஊரில் எந்தச் செய்திக்குக் கட்டு சீக்கிரம் தீர்கிறது, எந்தச் செய்தியை யாருமே படிக்காமல் வடை மடிக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். இதை எந்த ஆபீஸிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

பிறகு லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் போனேன். அங்கே ஒரு கல்யாணச் செய்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். துணிக்கடை பாய் ஒருவர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் துண்டுப் பேப்பரக் கத்தரிச்சு இன்னிக்கே துபாய்க்குப் போஸ்ட் பண்ணிடுவாங்க தம்பி. அங்க ஒரு ரூம்ல பத்துப் பேரு படிப்பான். அதுல அவன் வாப்பாவும் இருப்பாரு. இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவ பேரைக் கேட்டு எழுதுங்க." திட்டவே இல்லை. அதற்குப் பிறகு பெயரைக் கேட்காமல் நான் ஒரு வரியும் எழுதியதில்லை.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. ஆண்டிமடத்தில் நான் சேர்ந்து ஒன்றிரண்டு மாதத்தில் நடந்த ஒரு பஸ் கதை. இந்த வேலையில் எனக்கு என்ன தெரியுமோ அதில் முக்கால்வாசி அந்த ஒரு கதையில் இருக்கிறது.

அப்போது செல்போன் கிடையாது. செய்தியைக் காகிதத்தில் எழுதிக் கவரில் போட்டு, மூன்றரை மணிக்குத் திருச்சி போகும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுப்போம். திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அந்தக் கவர் போனால்தான் மறுநாள் பேப்பரில் நம் ஊர் இருக்கும். அவசரமென்றால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசலாம். அதற்கான செலவு நம்முடையது என்பதால் எங்களுக்கு அவசரம் அவ்வளவாக வந்ததில்லை.

ஆண்டிமடத்தில் நாலு பேப்பருக்கு நாலு நிருபர்கள். நான்கு பேரும் போட்டியாளர்கள் என்று திருச்சியில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களோ மத்தியானம் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்தியைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் வருவார், ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, ஒருவர் யூனியன் ஆபீஸுக்கு. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதுவோம். ஒருவருக்கு விட்டுப்போனால் நாலு பேருக்கும் விட்டுப்போகும். அதனால் யாருக்கும் திட்டு விழாது.

எங்களில் மூத்தவருக்கு அட்வான்ஸ் அண்ணன் என்று பெயர். பணம் முன்கூட்டி வாங்குகிறவர் என்று நினைக்க வேண்டாம். செய்தியை முன்கூட்டி எழுதுகிறவர். சாயங்காலம் நடக்கிற விழாவுக்கு மூன்றரை மணி பஸ்ஸில் செய்தி போக வேண்டுமென்றால் என்ன செய்வது? அழைப்பிதழை எடுத்து வைத்துக்கொண்டு, யார் தலைமை, யார் முன்னிலை, யார் நன்றியுரை என்று நடந்து முடிந்த மாதிரியே எழுதி அனுப்பிவிடுவார். கூட்டம் திரளாக வந்தது என்று ஒரு வரி. மழைக்காலமாக இருந்தால், மழையையும் பொருட்படுத்தாமல் வந்தது என்று சேர்த்துக்கொள்வார். இது அவர் கண்டுபிடித்ததும் இல்லை, அந்தக் காலத்தில் பஸ்ஸை நம்பிய எல்லா ஊரிலும் இப்படித்தான். பெரும்பாலும் விழா அழைப்பிதழ்படியே நடந்துவிடும். நம் ஊர் விழாக்களில் எதிர்பாராதது எதுவும் நடக்காது என்ற நம்பிக்கையில்தான் தொழில் ஓடியது.

ஈச்சங்கொல்லை என்றொரு ஊர். ஆண்டிமடத்திலிருந்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும் மண்சாலைக்கு அப்போதுதான் தார் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. அந்த ஊருக்கு முதன்முதலாக ஒரு பஸ் விடப்போவதாகவும், ஒரு பெரிய பிரமுகர் மாலை நாலு மணிக்குக் கொடியசைத்துத் தொடங்கி வைப்பதாகவும் அழைப்பிதழ் வந்தது. ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்த வாரம்.

"நீ எதுக்குப் போறே? இங்கயே உக்காந்து எழுதிட்டுப் போவியா, வெயில்ல சைக்கிள மெதிச்சிக்கிட்டு," என்றார் அட்வான்ஸ் அண்ணன்.

"புது பஸ்ஸுல ஏறிப் பாக்கணும்ணே. லாரியிலயே சுத்தினவன்."

"அப்ப போ. நீ செய்தி அனுப்பலன்னா என்னைக் கேக்காதே."

ராத்திரி பூத்திலிருந்து போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் கிளம்பினேன்.

ஈச்சங்கொல்லையில் ரோட்டோரம் வாழை மரம் கட்டியிருந்தார்கள். மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு முந்திரி மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் அஞ்சலையக்காவைப் பார்த்தேன். ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கைவிரல் கறுத்திருந்தது. பக்கத்தில் மகள் தேன்மொழி, பத்தாவது பாஸ் செய்தவள். அந்த ஊரில் பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மேலே படிக்க ஆண்டிமடம் வர வேண்டும்.

"அவங்க அப்பாரு ஒரே பேச்சு சொல்லிட்டாரு தம்பி," என்றார் அக்கா. "பஸ் வந்தா பள்ளிக்கூடம். வராட்டி என்கூட கொட்டை ஒடைக்க வரட்டும்னு. தோப்பு வழியா தனியா அனுப்ப மாட்டாராம். அதுவும் தப்புன்னு சொல்ல முடியல. அட்மிஷனு இந்த வாரத்தோட முடியுது."

அவர் வீட்டுக்காரர் முருகேசன் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். தன்னைப் பற்றிப் பேசுவது தெரிந்தும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணி ஆனது. ஐந்து ஆனது. மைக்செட்காரர் வைத்திருந்த பாட்டெல்லாம் தீர்ந்து முதலிலிருந்து போட்டார். ஆரத்தித் தண்ணீரை ஓர் ஆடு குடித்துவிட்டுப் போனது. பொழுது சாயும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஓர் ஆள் வந்து, பிரமுகருக்கு வேறு ஒரு வேலை வந்துவிட்டது, விழாவுக்கு வேறு தேதி சொல்வார்கள் என்றார்.

வேறு தேதி என்றால் என்னவென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, திறந்து வைக்கத் தேதி கிடைக்காமல் அது காய்ந்து கிடந்து, தேதி கிடைத்தபோது விரிசல் விட்டிருந்தது.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பினேன். பஸ் வரவில்லை, விழா நடக்கவில்லை, அப்புறம் என்ன செய்தி என்று போன்கூடப் பண்ணாமல் படுத்துவிட்டேன். நடக்காததும் செய்திதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காலையில் டீக்கடைக்குப் போனால் மற்ற மூன்று பேப்பரிலும் ஈச்சங்கொல்லைக்கு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பிரமுகர் கொடியசைத்தார். பொதுமக்கள் ஆரவாரம் செய்தனர். ஒரு பேப்பரில் படம்கூட இருந்தது. எப்போதோ எங்கேயோ ஏதோ ஒரு வண்டிக்குக் கொடியசைத்த பழைய படம்.

அட்வான்ஸ் அண்ணன் என்னைப் பார்த்ததும், "பஸ் எப்படி இருந்துச்சு, சீட்டு நல்லா மெத்து மெத்துன்னு இருக்கா?" என்றார்.

"பஸ்ஸே வரலைண்ணே."

அவர் டீயை வைத்துவிட்டார். பிறகு, "ஆடு?" என்றார்.

"என்ன ஆடு?"

"பொதுவா இந்த மாதிரி விழாவுல ஆடு உள்ள பூந்து கலாட்டா ஆகும். அதைத்தான் எழுதலாமான்னு யோசிச்சேன். நல்லவேளை விட்டுட்டேன்."

சிரிக்கக்கூட நேரமில்லை. பூத்துக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். திருச்சியிலிருந்து போன். எங்கள் மாவட்டச் செய்திகளைப் பார்க்கும் சப்-எடிட்டர். ஊர் மாறினாலும் நான் இன்னும் தற்காலிக ஆள்தான், நிரந்தரமாக வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

"எல்லாப் பேப்பர்லயும் வந்திருக்கு, நம்மள்ல மட்டும் இல்ல. எங்கய்யா போயிருந்தே?"

"அந்த ஊர்லதான் சார் இருந்தேன். பஸ் வரலை. விழா நடக்கலை."

அவர் குரலே மாறிவிட்டது. "அப்ப மூணு பேப்பரும் போட்டது பொய்யா? அதை எழுதுய்யா. ஊர்க்காரங்க பேச்சோட எழுது. இன்னிக்குக் கவர்ல வந்துரணும். முதல் பக்கத்துக்குக் கேட்டு வாங்கித் தரேன். வரலைன்னா, உன்னை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

முதல் பக்கம். பத்தாவது தோற்றவனுக்கு. நான் அப்போதே பூத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன். வராத பஸ்ஸுக்கு விழா நடந்ததாகச் செய்தி என்று தலைப்புகூட வைத்தேன். கவரில் போட்டுப் பையில் செருகிக்கொண்டு, ஊர்க்காரர்கள் பேச்சு ரெண்டு வரி வாங்கிச் சேர்த்தால் போதும் என்று மறுபடி ஈச்சங்கொல்லைக்கு சைக்கிளை விட்டேன்.

அங்கே மகளிர் குழுப் பெண்கள் மூன்று பேப்பரையும் விரித்து வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கோபமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி. நாங்கல்லாம் ஆரவாரம் பண்ணமாமே, பாத்தீங்களா?" என்றார் அஞ்சலையக்கா. "இத்தன பேரு பண்ணியும் எங்க காதுல விழல பாருங்க."

நான் என் கவரைக் காட்டினேன். நாளைக்கு முதல் பக்கத்தில் உண்மை வரும் என்று பெருமையாகச் சொன்னேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அதை மட்டும் செஞ்சிராதீங்க தம்பி."

"ஏங்க்கா? பொய்தான போட்டிருக்காங்க."

"பொய்தான். நல்ல பொய்யி. பஸ் டிப்போல ரெடியா நிக்கிது. நேத்தே மாலையெல்லாம் போட்டு நிறுத்தி வச்சிருந்தாங்களாம், எங்க ஊரு மெக்கானிக் பய சொல்றான். எதுக்கு நிக்கிது? விழாவுக்கு. அந்த விழாதான் முடிஞ்சு போச்சுன்னு மூணு பேப்பர்ல போட்டுட்டானே. இனி எந்தத் தேதிக்குக் காத்திருக்கணும்? நீங்க நாளைக்கு விழா நடக்கலன்னு போட்டீங்கன்னா, மறுபடி தேதி வாங்குவாங்க. தண்ணித்தொட்டி கதைதான்."

"நான் பொய் எழுத முடியாதுக்கா."

"ஒங்கள யாரு பொய் எழுதச் சொன்னது? ஒரு நா சும்மா இருங்கன்னுதான் சொல்றேன்."

தேன்மொழி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். என் பையில் இருந்தது சத்தியமான செய்தி. ஒரு எழுத்து தப்பில்லை. அது வந்தால் என் வேலை நிலைக்கும். வந்தால் அந்தப் பெண் கொட்டை உடைக்கப் போவாள். சும்மா இருந்தாலோ, பஸ் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பஸ்ஸும் வராமல், செய்தியும் போகாமல், வேலையும் போயிருக்கும். எழுதுவது நம் வேலை, அதனால் என்ன ஆகிறது என்பது நம் வேலை இல்லை என்று பிற்காலத்தில் பலர் எனக்குச் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவர்கள் யாரும் அந்தப் பெண்ணுக்கு எதிரில் நிற்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது. டிப்போவில் பொறுப்பான அதிகாரி என்ன சொல்கிறார் என்று நாலு பேரில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. நானும்தான். அவரைக் கேட்காமல் இந்தச் செய்தி எப்படி முழுசாகும்?

"டிப்போவுக்குப் போவமாக்கா?" என்றேன். "நான் கேள்வி கேக்கத்தான் வரேன். ஒங்களுக்காகப் பேச மாட்டேன்."

"நீங்க பேச வேணாம் தம்பி. எங்களுக்கு வாய் இருக்கு."

முந்திரி மூட்டை ஏற்ற வந்த டிராக்டரில் ஏறி ஆண்டிமடம், அங்கிருந்து பஸ்ஸில் டிப்போ இருந்த ஊர். முருகேசனும் வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தான் சொன்னதில் மாறக்கூடாது என்று இருந்தார் போல.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர், பயந்த மனிதர். மேசை மேல் அவரும் மூன்று பேப்பரை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். பெண்களைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"ஏம்மா, தேதி சொல்லுவாங்கம்மா. கொடி அசைக்காம வண்டிய எடுக்க எனக்கு உத்தரவு இல்லை."

"கொடிதான் அசைச்சிட்டாரே சார்," என்றார் அஞ்சலையக்கா. "படத்தோட போட்டிருக்கு. நாங்க ஆரவாரமும் பண்ணிட்டம்."

"அது பழைய படம்மா."

"எங்களுக்கு என்னங்க தெரியும். அப்ப அவரு அசைக்கல, பேப்பர்ல வந்தது பொய்யின்னு நீங்களே இந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க. எழுதிக்கிடட்டும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் கையில் பேனா இருந்தது. நான் பெயரும் பேப்பரும் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டேன். "ஈச்சங்கொல்லைக்கு பஸ் விட்டாச்சா, இல்லையா சார்? நீங்க சொல்றதை அப்படியே போட்டுடறேன்."

"இதுக்கு நான் எப்படி சார் பதில் சொல்றது?"

"தெரிஞ்சதைச் சொல்லுங்க சார்."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். விட்டாச்சு என்றால் பஸ் எங்கே என்ற கேள்வி வரும். இல்லை என்றால், கொடியசைத்ததாகப் படத்தோடு வந்த பெரிய மனிதரைப் பொய்யாக்கியது இவர் என்று ஆகும். கடைசியில் போனை எடுத்து அந்தப் பிரமுகரின் உதவியாளரைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆமா சார்... அந்த ஈச்சங்கொல்லை வண்டி விஷயமா... இல்ல சார், பேப்பர்ல... ஐயா பாத்துட்டாரா... என்ன சொன்னாரு?... அப்படியா சார்... சரிங்க சார்... சரிங்க."

போனை வைத்தார்.

"ஐயா காலையிலயே பேப்பர் பாத்துட்டாராம். விழா நல்லா வந்திருக்குன்னு சொன்னாராம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கெட்டுவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப அசைச்சிட்டாருதானே சார்?" என்று மெதுவாகக் கேட்டார் அக்கா.

"அசைச்சிட்டாரு போலம்மா," என்றார் மேனேஜர். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, சாயங்காலப் பள்ளிக்கூட நேரத்துக்கு வண்டியை எடுக்கச் சொன்னார்.

பெண்கள் சந்தோஷத்தில் வெளியே போனார்கள். எனக்குத்தான் கஷ்ட காலம் அப்போது தொடங்கியது. டிப்போ வாசலில் திருச்சி பஸ் வந்து நின்றது. மூன்றரை மணி வண்டி. கண்டக்டர் தலையை நீட்டி, "என்ன தம்பி, இங்க நிக்கிறே? கவர் இருக்கா?" என்றார்.

கவர் பையில் இருந்தது. அந்த நிமிடம் வரை அதில் இருந்ததெல்லாம் உண்மை. மேனேஜர் சொன்னது வெறும் சொல். டிப்போவில் நிற்கிற பஸ்ஸை ஊருக்கு வந்த பஸ் என்று எழுத முடியாது. நேற்றும் இதே பஸ் இதே இடத்தில் மாலையோடு நின்றதுதான். சாயங்காலத்துக்குள் யாராவது போன் பண்ணி நிறுத்தச் சொல்லலாம். கவரைக் கொடுத்தாலோ, காலையில் அந்தப் பெரிய மனிதர் எங்கள் பேப்பரையும் பார்ப்பார். அதோடு வண்டி நின்றது நின்றதுதான்.

முருகேசன் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "ஒங்களுக்கு இதனால வேலை போயிருமா?"

"போனாலும் போகும்ணே."

"வேற வேலை தெரியுமா?"

"லாரி கிளீனர் வேலை தெரியும்."

"அதுவும் நல்ல வேலதான்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டரைப் பார்த்து, "இன்னிக்கு இல்லண்ணே, போங்க" என்றேன். வண்டி போய்விட்டது.

அப்புறம் பூத்துக்குப் போய் சப்-எடிட்டரிடம் சொன்னேன். பஸ் விடுவதாகச் சொல்கிறார்கள், நான் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டாம். பெரும்பாலும் என் அறிவைப் பற்றியது.

பஸ் கிளம்பியது. முந்தின நாள் போட்ட மாலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. "மாலையக் கழட்டிறவா?" என்று டிரைவர் கேட்டார். "இருக்கட்டும்யா, நேத்து ஓடின வண்டி மாதிரி இருக்கும்" என்றார் அஞ்சலையக்கா. ஆண்டிமடத்தில் நாலு பேர் ஏறினார்கள். தோப்புக்குள் நுழைந்ததும் முந்திரிக் கிளைகள் இரண்டு பக்கமும் ஜன்னலை உரசின. ஊர் எல்லையில் மைக்செட் இல்லை, ஆரத்தி இல்லை. யாருக்கும் தகவல் தெரியாது. ஆரன் சத்தம் கேட்டுப் பிள்ளைகள்தான் முதலில் ஓடி வந்தார்கள். அப்புறம் ஊரே வந்தது. பேப்பரில் போட்ட ஆரவாரம் அன்றைக்குத்தான் நடந்தது. அதைக் கேட்ட ஒரே நிருபர் நான்.

முருகேசன் இறங்கினார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரைக் காலால் தட்டினார். மகளிடம், "காலையில எத்தனை மணிக்கு வருதுன்னு கண்டக்டரக் கேட்டு வச்சிக்க," என்றார். அவர் பேச்சில் மாறவில்லை.

மறுநாள் காலை முதல் நடை ஓடியதையும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எழுதினேன். அறிவித்த நாளில் விழா நடக்கவில்லை, அன்று பஸ் வரவில்லை, மறுநாள் மாலை ஊர்மக்கள் கேட்டுப் பெற்ற பிறகுதான் வந்தது என்று ஒன்றையும் விடாமல் எழுதிக் கவரில் அனுப்பினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிப் போய் வந்துகொண்டிருக்கும் பஸ்ஸை யாரும் விழாவுக்காக நிறுத்த மாட்டார்கள் என்று எனக்கு அப்போது தைரியம் வந்திருந்தது. செய்தி வந்தது. உள்பக்கத்தில், ஒரு பத்தியில், கீழ் மூலையில். பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்ததால் இடம் போதாமல் விழா நடக்காத வரியை வெட்டிவிட்டார்கள். ஈச்சங்கொல்லைக்கு பஸ் ஓடுகிறது என்பது மட்டும் மிச்சம்.

ஆக, அந்த உண்மை எந்தப் பேப்பரிலும் வரவில்லை. எனக்கு வருத்தம்தான். இப்போது எழுதிவிட்டேன்.

என் வேலை எப்படித் தப்பியது தெரியுமா? என் நேர்மையால் இல்லை. காலை பஸ்ஸில் எங்கள் பேப்பர் கட்டு அந்த ஊருக்குப் போகத் தொடங்கியது. ஊரே அதைத்தான் வாங்கியது. பஸ்ஸில் ஏறி வந்த தம்பியின் பேப்பர் என்று சொல்லி வாங்கினார்கள். விற்பனைப் பிரிவிலிருந்து சப்-எடிட்டரைப் பாராட்டினார்கள். அவர் என்னை வைத்துக்கொண்டார். அட்வான்ஸ் அண்ணன் அதன்பிறகு பாதி மாறினார். விழா நடக்கும் இடத்துக்கு சைக்கிளில் யாரையாவது அனுப்பி, "பந்தலாவது போட்டிருக்கானா பாரு" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, மறுபடி பிரிந்தது. அந்த இரண்டாவது பிரிவினையின்போது நான் வேலையை விட்டேன். அதற்குள் தா.பழூர், அரியலூர் என்று எங்கெங்கோ இருந்துவிட்டேன். என் கால் அப்படி. ஆனால் கவர் கொண்டு போன கண்டக்டர்களுக்கு நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று எப்போதும் தெரியும்.

ஈச்சங்கொல்லையில் ஒவ்வொரு ஜூனிலும் பஸ்ஸுக்கு வாழை கட்டிப் பொங்கல் வைப்பார்கள். முதலில் வந்த பேப்பர்கள் சொன்ன நாள்தான் அவர்களுக்குக் கணக்கு. ஊர்க் கோயிலில் பேப்பரில் வந்த அந்தக் கொடியசைத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் ஒரு வருடம் போய்ப் பொங்கல் சாப்பிட்டேன். அதே நாளில் அதே முந்திரி மரத்தடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்து, வராத பஸ்ஸைப் பார்த்தவன் நான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் நான் இருக்கும் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஏதாவது ஒரு கண்டக்டர் என்னைத் தேடுவார். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கை மாறி வந்த தூக்குவாளி ஒன்று அவர் கையில் இருக்கும். தேன்மொழி ஆண்டிமடம் பள்ளிக்கூடத்தை முடித்து நர்ஸ் வேலைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. உள்ளே சர்க்கரைப் பொங்கல், மேலே வறுத்த முந்திரி.

"ஈச்சங்கொல்லையிலேர்ந்து ஒரு அம்மா குடுத்தாங்க," என்பார் கண்டக்டர். "நேத்தே பொங்கல் முடிஞ்சு போச்சே, இன்னிக்கு எதுக்குன்னு கேட்டா, இது பஸ் வந்த நாளுக்காம். உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."